இரண்டாவது ஆர்டர் யாரிடமிருந்து வருகிறது?

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில், அதாவது ஒரு கம்பெனியின் பொருளை நேரில் விற்று, கூடவே ஆட்களைச் சேர்த்து அவர்கள் வாங்குவதிலும் கமிஷன் பெறும் தொழிலில், லாபம் பார்க்க முடியுமா என்று கேட்டு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. சேரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் ஒரு வகை. ஏற்கெனவே சேர்ந்து, ஐடி (உறுப்பினர் எண்) போட்டு, மாதாமாதம் பிவி (வாங்கும் பொருளுக்குக் கம்பெனி தரும் புள்ளி) அடித்து, கமிஷன் வந்தும் கையில் காசு தங்காமல் தவிப்பவர்கள் இன்னொரு வகை. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் இரண்டாம் வகைக்காரர்களோடுதான் அதிகம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரையும் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டீமில் இல்லாத, சேரும் எண்ணமும் இல்லாத ஒருவர் உங்களிடம் சரக்கு வாங்கி, அது தீர்ந்ததும் மறுபடி கேட்டு வாங்கினால் அதில் லாபம் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஆட்கள் இல்லையென்றால் கம்பெனியின் எந்தக் கமிஷன் பிளானாலும், அது தரும் எந்த ரேங்க்காலும் (படிநிலைப் பட்டம்) லாபம் வராது. இதை நம்பிக்கையாகச் சொல்லவில்லை. கணக்காகவே காட்ட முடியும்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு அக்கா தன் நோட்டைக் கொண்டுவந்தார். "தம்பி, மாசாமாசம் கமிஷன் ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நேர்த்தியான நோட்டு. இடது பக்கங்களில் டவுன்லைன் படம், அதாவது அவருக்குக் கீழே சேர்ந்தவர்களின் படம்: யார் எந்த லெக்கில் (இடது, வலது கிளை), யாருக்குக் கீழே யார், போன மாதம் யார் எவ்வளவு பிவி. வலது பக்கங்களில் கமிஷன் வந்த தேதியும் தொகையும் பச்சை மையில். செலவுக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. சரி என்று, ஃபோனில் ஆர்டர் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். மாதத்தின் முதல் மூன்று வாரமும் ஏறக்குறைய வெறுமை. மாதக் கணக்கு முடியும் குளோசிங்குக்கு முந்தைய இரண்டு நாளில் வரிசையாக ஆர்டர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். "இது வீட்டுக்கு. இது லெஃப்ட்ல குறைஞ்சதுக்கு. இது தங்கச்சி ஐடில நான் போட்டது. இது ரேங்க் போயிடக்கூடாதேன்னு." கஸ்டமருக்குப் போனது எது என்று கேட்டதும் அவர் விரல் திரையில் மேலும் கீழும் ஓடி, ஒரே ஒரு ஆர்டரில் வந்து நின்றது.

வந்த கமிஷனை 100 என்று வைத்துக்கொண்டு எழுதினோம். கமிஷனுக்குத் தகுதியோடு ஆக்டிவாக இருப்பதற்காகச் சொந்த ஐடியில் வாங்கியது 45. தங்கையின் ஐடியில் போட்டது 20. மீட்டிங் டிக்கெட், பயணம் 25. சாம்பிள், ஃபோன், கூரியர் 15. கூட்டினால் 105. அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "ஆனா தம்பி, வாங்கின பொருளை வீட்டுல பயன்படுத்துறோமே, அது செலவு கணக்குல வருமா?"

பாதி வரும், பாதி வராது. இந்த பிசினஸில் இல்லாவிட்டாலும் இதே பொருளை, இதே விலைக்கு, இதே அளவு வாங்கியிருப்பீர்களா? ஆமாம் என்றால் அது வீட்டுச் செலவு. வியாபாரக் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. இல்லை என்றால், அதே வேலையைச் செய்யும் சாதாரணப் பொருளின் விலைக்கும் இதன் விலைக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரச் செலவு. அலமாரியில் பிரிக்காமல் இருப்பது முழுக்கவே முடங்கிய முதல். அக்கா யோசித்து, குளியல் சோப்பை ஒரு பக்கமும் சத்துப் பவுடரை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதினார். பவுடர் டப்பாக்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததே அன்றைக்குத்தான் என்றார்.

இப்படிப் பணம் கசிவதற்கு அவருடைய சாமர்த்தியக் குறைவு காரணமில்லை. இதன் அமைப்பே அப்படி. பிளான் காட்டும்போது வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாக வரைவார்களே, அதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேர். 11ஆம் படியில் மட்டும் 36 கோடிப் பேர் வேண்டும். 13ஆம் படிக்கு 1,300 கோடிக்கு மேல். உலகத்தில் இருப்பதே ஏறத்தாழ 800 கோடிதான். இந்தக் கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இதைவிட முக்கியமான இன்னொன்றை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. இந்த வளர்ச்சியை நான்கைந்து படி தாண்டி எங்கே நிறுத்தினாலும், மொத்த ஆட்களில் சுமார் 83% பேர் கடைசிப் படியில் இருப்பார்கள்; அவர்களுக்குக் கீழே யாருமே இல்லை. கடைசிக்கு முந்தைய படியையும் சேர்த்தால் சுமார் 97%. நிஜத்தில் இத்தனை ஒழுங்காக யாரும் சேர்க்கப்போவதில்லை; பலர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் நின்றுவிடுவார்கள், ஒரு சிலர் அள்ளிச் சேர்ப்பார்கள். ஆனாலும் அடிப்படியில்தான் கூட்டம் இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளியாட்கள் யாரும் வாங்காமல் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே வாங்கினால், கமிஷனாக வரும் பணம் எங்கிருந்து வருகிறது? உள்ளே இருப்பவர்கள் போட்டதிலிருந்துதான். அதில் தயாரிப்புச் செலவையும் தன் லாபத்தையும் நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் பங்காகிறது. ஆகவே உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் சேர்த்துப் பார்த்தால், எடுக்கும் பணம் போட்ட பணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். ஒருவருக்கு லாபம் என்றால், அதைவிடப் பெரிய தொகை மற்றவர்கள் கையிலிருந்து போயிருக்கிறது. உழைப்பு, மனோபாவம், கனவுப் பலகை எதுவும் இந்தக் கழித்தலை மாற்றாது. வெளியிலிருந்து வாடிக்கையாளர் கொண்டுவரும் பணம் மட்டும்தான் மாற்றும்.

அமெரிக்காவில் வர்த்தகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் 70 நெட்வொர்க் நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தது. அவை அந்தந்த நிறுவனங்களே வெளியிட்டவை. பெரும்பாலான பங்கேற்பாளர்கள் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவாகவோதான் பெற்றிருந்தார்கள். மாதத்துக்கு 84 டாலர்கூட வரவில்லை. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலானோருக்கு வந்தது பூஜ்யம். கவனியுங்கள், இது செலவைக் கழிக்காத தொகை. அக்காவின் பச்சை மைப் பக்கத்தைத்தான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள். செலவுப் பக்கம் அங்கேயும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. சேர யோசிப்பவர்கள், உங்கள் நிறுவனத்தின் வருமான அறிக்கையை முதலில் கேட்டு வாங்குங்கள். மேல் ரேங்க் வரியைப் பார்க்காதீர்கள்; கீழே எத்தனை சதவீதம் பேர், அவர்களுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அறிக்கையே இல்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் விற்பது என்பதே ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டேவிட் மெக்கானெல் என்பவர் அமெரிக்காவில் வீடு வீடாகப் புத்தகம் விற்றவர். கூடவே வாசனைத் திரவியச் சாம்பிள் கொடுத்தார். பெண்களுக்குப் புத்தகத்தைவிட அதுதான் பிடித்திருந்தது. 1886இல் அதையே தொழிலாக்கினார். பின்னாளில் ஏவான் என்ற அழகுசாதன நிறுவனம் ஆனது அதுதான். பிளாஸ்டிக் டப்பா விற்ற டப்பர்வேரின் கதை இன்னும் பொருத்தம். காற்றுப் புகாத மூடி என்பது நல்ல பொருள்தான். ஆனால் கடை அலமாரியில் கிடந்தபோது அந்த மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் நாலு பேரைக் கூட்டி, கையில் எடுத்து மூடிக் காட்டியதும் விற்றது. அந்த வீட்டு விற்பனையை வளர்த்த பிரௌனி வைஸ் 1954இல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் வந்தார்; அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

இரண்டு இடத்திலும் வாங்கியவர் ஒரு வாடிக்கையாளர். கையில் காட்டினால்தான் புரியும் பொருள், முகர்ந்து பார்த்தால்தான் பிடிக்கும் பொருள், அல்லது ஒருவர் கூட இருந்து சொல்லிக்கொடுத்தால்தான் பலன் தரும் பொருள் என்றால் நேரடி விற்பனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் நேரத்துக்கு அந்தக் கூடுதல் விலை. கடையில் எடுத்துவந்தால் போதும் என்கிற பொருளை இரட்டை விலைக்கு விற்க வேண்டியிருந்தால், என்ன பேசினாலும் அது முகதாட்சண்யத்தில்தான் போகும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது பிளானைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிளான் எத்தனை கவர்ச்சியாக இருந்தாலும் சரக்கு தானாக நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பல அடுக்குக் கமிஷன் என்பது 1945இல் நியூட்ரிலைட் சத்து மாத்திரை விற்பனையோடு வந்தது. அதை விற்றுக்கொண்டிருந்த இருவர் 1959இல் தொடங்கியதுதான் ஆம்வே. அதன்மீது நடந்த வழக்கில் 1979இல் வந்த தீர்ப்பை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது பிரமிட் திட்டமல்ல (சரக்கு விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் திட்டமல்ல) என்று டிரேட் கமிஷன் முடிவு செய்ததற்கு மூன்று விதிகள் காரணமாக இருந்தன: விலகுபவரின் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது, மாதம் வாங்கியதில் 70% ஆவது விற்றிருப்பது, மாதம் 10 வெவ்வேறு வாடிக்கையாளருக்குச் சில்லறையாக விற்றதாகக் காட்டுவது. அதே தீர்ப்பு வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதையும் கண்டித்தது. மேடையில் "ஆம்வேயே கேஸ் ஜெயிச்சாச்சு" என்று சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 2016இல் ஹெர்பாலைஃப் என்ற இன்னொரு நெட்வொர்க் நிறுவனம் அதே டிரேட் கமிஷனோடு 20 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டபோது, கமிஷனில் மூன்றில் இரண்டு பங்காவது உறுதிசெய்யப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இந்தியாவின் 2021 நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் தடை செய்கின்றன.

சட்டக்காரர்கள் கேட்ட அந்தக் கேள்விகள் அப்படியே கணக்குக்காரன் கேட்கும் கேள்விகளும்கூட. வாங்கியதில் எத்தனை சதவீதம் வெளியே போனது? எத்தனை தனித்தனி வாடிக்கையாளர்? அந்த 70, அந்த 10 இரண்டையும் கம்பெனி கேட்கிறதோ இல்லையோ, நோட்டின் முதல் பக்கத்தில் நீங்களே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதல் ஆர்டரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அத்தை வாங்குவார், கூட வேலை பார்ப்பவர் வாங்குவார், பழைய நண்பர் மறுக்க முடியாமல் வாங்குவார். அது உங்கள் முகத்துக்காக. இரண்டாவது ஆர்டரை யாரும் முகத்துக்காகக் கொடுப்பதில்லை. பொருள் பிடித்திருந்தால், விலை கட்டுப்படியானால் மட்டும்தான் கொடுப்பார்கள். ஆகவே நோட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி: என்ன வாங்கினார், எப்போது, எத்தனை நாளில் தீரும். தீருவதற்கு நாலு நாள் முன்பு ஒரு ஃபோன். "அக்கா, தீரப்போகுதே, எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஃபோனில் பிசினஸ் பிளானைப் பேசாதீர்கள். பிளான் பேசிய மறுநிமிடம் அவர் வாடிக்கையாளராக இருப்பதை நிறுத்தி, உங்கள் நம்பரைப் பார்த்தாலே எடுக்காத ஆளாகிவிடுவார். நல்ல வாடிக்கையாளரை அரைமனதோடு டவுன்லைன் ஆக்கி, மூன்று மாதத்தில் இரண்டும் இல்லாமல் போவதைத்தான் இந்தத் தொழிலில் அதிகம் பார்க்கிறேன்.

பொருளைப் பற்றி லேபிளில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். சர்க்கரை குறையும், மூட்டுவலி போய்விடும் என்று சொல்லி விற்றது மறுமுறை வாங்கப்படாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிடுவது.

ஆட்களின் பெயர் இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். குளோசிங் அன்று உங்களுக்கு மேலே இருக்கும் அப்லைனிடமிருந்து ஃபோன் வரும்: "இன்னும் கொஞ்சம்தான் குறையுது, நீயே போட்டுடு, அடுத்த மாசம் வித்துக்கலாம்." அந்த நேரத்தில் ஒரு சின்னக் கழித்தல் போடுங்கள். ரேங்க் நின்றால் கூடுதலாக வரும் கமிஷன் எவ்வளவு, அதற்காகப் போடும் பணம் எவ்வளவு, அந்தச் சரக்கு எவர் வீட்டுக்குப் போகும்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் இல்லையென்றால் ரேங்க் போகட்டும். இடது, வலது என்று இரண்டே லெக் உள்ள பைனரி பிளானில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக வரும். கமிஷன் எப்போதும் பலவீனமான லெக்கைப் பொறுத்துத்தான். மேலே இருப்பவர்கள் சேர்த்து உங்களுக்குக் கீழே வைக்கும் ஆட்கள், அதாவது ஸ்பில்ஓவர், ஒரு பக்கத்தை வளர்த்துக்கொண்டே போகும். மற்றப் பக்கத்தை உங்கள் காசில் நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள். சேர்ந்த பாயிண்ட் அடுத்த மாதத்துக்குப் போகுமா, குளோசிங்கோடு ஃபிளஷ் ஆகி அழிந்துவிடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. மாதாமாதம் தானாக ஆர்டர் போகும் ஆட்டோஷிப் இருந்தால், வெளி விற்பனை அந்த அளவை எட்டும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

மீட்டிங், ட்ரெய்னிங், டிக்கெட் விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். சில டீம்களில் மேலே இருப்பவர்களுக்குச் சரக்குக் கமிஷனைவிட டிக்கெட்டிலும் பயிற்சி வகுப்பிலும் அதிகம் வருகிறது. அங்கே நீங்கள்தான் கஸ்டமர். கடந்த மாதத்துச் சில்லறை லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிப் பயிற்சிக்குச் செலவிடாதீர்கள். சில்லறை லாபமே இல்லாத மாதம் செலவும் இல்லை. "முதலீடு பண்ணாதான் வளர முடியும்" என்பார்கள். முதலீடு என்றால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும் என்று சொல்லத் தெரிய வேண்டும். கடன் வாங்கியோ நகை வைத்தோ இதில் பணம் போடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

நேரத்தையும் எழுதுங்கள். மீட்டிங் பயணம், ஃபோன், வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து மாதம் எத்தனை மணி? நிகர லாபத்தை அதால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒற்றை எண் பல குடும்பங்களில் பெரிய பேச்சைத் தொடங்கிவைத்திருக்கிறது. கணவனும் மனைவியும் அதைப் பார்த்துப் பேசியே நல்ல முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆள் சேர்ப்பதே வேண்டாமா? வேண்டும், ஆனால் பிறகு. நீங்களே தொடர்ந்து சில மாதம் சில்லறையில் நிகர லாபம் பார்த்த பிறகுதான், செய்துகாட்டியதைச் சொல்லிக்கொடுக்க முடியும். அப்போதும் ஏற்கெனவே விற்கத் தெரிந்தவரை, விற்பதில் ஆசை உள்ளவரைத் தேடுங்கள். வேலை போய், கையிருப்பு கரைந்து, பதற்றத்தில் இருப்பவரிடம் பிளான் காட்டாதீர்கள். அவர் உடனே சேருவார், ஆனால் இழப்பைத் தாங்க அவரால் முடியாது. வருபவருக்கு முதல் வாரத்தில் ஆள் பட்டியல் எழுதச் சொல்வதற்குப் பதில், மூன்று வெளி வாடிக்கையாளரைப் பிடிக்க உதவுங்கள். முதல் மாதமே கொஞ்சம் சொந்தமாக லாபம் பார்த்தவர் நின்று வேலை செய்வார். அப்படிப்பட்ட ஐந்து பேர் தரும் கமிஷன், மாதாமாதம் உதிர்ந்து புதிதாக நிரப்பப்படும் ஐம்பது பேரிடமிருந்து வருவதைவிட நிலையானது. உதிர்பவர் ஒவ்வொருவரும் ஒரு உறவோடு போகிறார் என்பதை எந்த நோட்டிலும் எழுத முடியாது. கல்யாண வீட்டில் ஒருவர் நம்மைப் பார்த்ததும் பந்தியின் மறுபக்கம் போய் உட்காருவாரே, அது அந்த இழப்பு.

அக்கா அடுத்த மாதமே தங்கையின் ஐடியில் போடுவதை நிறுத்தினார். ரேங்க் இறங்கியது; அப்லைன் கோபித்துக்கொண்டார். வாடிக்கையாளர் பக்கம் மெல்ல நிரம்புகிறது. சோப்பும் சலவைத் திரவமும் மறுபடி கேட்கப்படுகின்றன. பவுடரை யாரும் கேட்கவில்லை, அதை அவர் விற்பதும் இல்லை. வருவது சின்னத் தொகைதான். செலவெல்லாம் போக நிற்கும் தொகை அது.

எல்லோருக்கும் இப்படி நிற்காது. ஆகவே தொடங்கும்போதே ஒரு மாதத்தையும் ஒரு தொகையையும் எழுதிவையுங்கள்: இத்தனையாவது மாதம், வெளி வாடிக்கையாளரிடமிருந்து இவ்வளவு நிகர லாபம் வராவிட்டால் விலகுகிறேன். எழுதியதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள், ஏனென்றால் அந்த மாதம் வரும்போது அடுத்த மாதம் பிக்கப் ஆகிவிடும் என்றுதான் தோன்றும். விலகுவதென்றால் முதலில் சரக்கைத் திருப்பும் விதியை எடுத்துப் படியுங்கள். நேரடி விற்பனை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு வகுத்த நெறிமுறைப்படி, கடந்த 12 மாதத்தில் வாங்கி, மறுபடி விற்கும் நிலையில் இருக்கும் சரக்கை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு, அதிகபட்சம் 10% கழித்துக்கொண்டு பணம் தர வேண்டும். உங்கள் நிறுவனம் அதில் உறுப்பினரா, ஒப்பந்தத்தில் என்ன கெடு இருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் கேளுங்கள், பில்லை இணையுங்கள், பெட்டியை அனுப்புமுன் படம் எடுத்துவையுங்கள். ஆட்டோஷிப்பையும் வங்கியில் கொடுத்த அனுமதியையும் அன்றே ரத்து செய்யுங்கள். அன்றைக்கே, உங்களை நம்பிச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்து நீங்கள் விலகுவதையும் அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சரக்குக்கும் அதே 12 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.